குவெரின்னா கேள்வி, தீர்ப்பு இல்லை

டிபிஎம்எஸ் லேப்ல இந்தக் கேள்வியைத் தாண்டாம யாரும் வந்திருக்க முடியாது: "கொடுக்கப்பட்ட டேபிளில் டூப்ளிகேட் ரெக்கார்டுகளைக் கண்டுபிடித்து, ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கவும்." குரூப் பை போட்டு, ஹேவிங் கவுண்ட் ஒன்றுக்கு மேல் என்று எழுதணும். மினிமம் ஐடி உள்ளதை விட்டுட்டு மத்ததை டெலீட் பண்ணணும். அவுட்புட் வந்துடும், ரெக்கார்டு நோட்டுல கையெழுத்தும் வாங்கிடலாம்.

லேப் டேபிளில் இருப்பவர்கள் எல்லாம் கற்பனை ஆட்கள். அவங்கள்ல யாரை அழிச்சாலும் யாரும் வந்து கேட்க மாட்டாங்க. ஆனா இதே வேலை நிஜத்துல நடக்கிற ஒரு டேபிள் இருக்கு. 18 வயசு தாண்டி பதிவு பண்ணியிருந்தா, அதில் நீங்களும் ஒரு ரெக்கார்டு. அதுதான் வாக்காளர் பட்டியல்.

நான் சொல்ல வருவது ஒரே விஷயம். முரண்படுற ரெக்கார்டுகளைக் கண்டுபிடிக்க ஒரு குவெரி போதும். ஆனா கண்டுபிடிச்சதை நீக்க ஒரு குவெரி போதாது. இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு மனுஷன் போய்க் கதவைத் தட்டணும். அந்த நடு வேலையைச் செலவுன்னு நினைச்சு வெட்டுற எந்த சிஸ்டமும், எவ்வளவு அழகா கோடு எழுதியிருந்தாலும், தப்பான சிஸ்டம்.

நம்ம ஊர் கணக்கு

2025 நவம்பர் 4 முதல் தமிழ்நாட்டில் சிறப்புத் தீவிர திருத்தம், அதாவது எஸ்ஐஆர், நடந்தது. வீட்டுக்கு வந்த பிஎல்ஓ கொடுத்த கணக்கீட்டுப் படிவத்தை அப்பாவோ அம்மாவோ நிரப்பியது ஞாபகம் இருக்கும். அதுக்கு முன்னால் பட்டியலில் இருந்தவர்கள் 6.41 கோடி பேர். டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் இருந்தவர்கள் 5.43 கோடி பேர். சுமார் 97 லட்சம் பேர்கள் போயிருந்தன. அதில் இறந்தவர்கள் சுமார் 27 லட்சம். இடம் மாறியவர்கள், முகவரியில் இல்லாதவர்கள் 66 லட்சத்துக்கும் மேல். இரட்டைப் பதிவு என்று நீக்கப்பட்டவை சுமார் 3.4 லட்சம்.

இதை வச்சு எந்தக் கட்சிக்கு லாபம், எந்தக் கட்சிக்கு நஷ்டம்னு டீக்கடை முதல் டிவி வரை பேசியாச்சு. அந்தப் பேச்சு இங்கே வேண்டாம். நமக்குத் தெரிஞ்ச மொழியில் ஒரு கேள்வி கேட்போம்: இரட்டைப் பதிவுன்னு ஒரு டேபிளை மட்டும் பார்த்து எப்படிச் சொல்றது?

வழி ரெண்டு. முதலாவது குரூப் பை. பேர், தந்தை அல்லது கணவர் பேர், வயசு எல்லாம் ஒண்ணா இருக்கிற ரெக்கார்டுகளை ஒரு குவியலா சேர்த்து, ஒண்ணுக்கு மேல் இருக்கிற குவியலைக் காட்டச் சொல்றது. ரெண்டாவது செல்ஃப் ஜாயின். ஒரே டேபிளுக்கு ஏ, பி-ன்னு ரெண்டு பேர் வச்சு, ஏ-ல இருக்கிற ஒவ்வொரு ரெக்கார்டையும் பி-ல இருக்கிற ஒவ்வொண்ணோடும் ஒப்பிடுறது. ஏ ஐடி, பி ஐடியைவிடச் சின்னதா இருக்கணும்னு ஒரு கண்டிஷன் போடணும். இல்லேன்னா ஒவ்வொரு ஆளும் தனக்குத்தானே டூப்ளிகேட் ஆகிடுவார், ஒவ்வொரு ஜோடியும் ரெண்டு தடவை வரும்.

செல்ஃப் ஜாயினின் பலம், "ஒண்ணா இருக்கு" என்பதை மட்டும் இல்லாம "இது ஒண்ணா இருக்கு, ஆனா அது வேறயா இருக்கு" என்பதையும் கேட்க முடியும். பேரும் தகப்பன் பேரும் ஒண்ணு, தொகுதி வேற. அட்டை எண் ஒண்ணு, ஆள் வேற. முரண்பாடுன்னு நாம சொல்றது இதைத்தான்.

அளவையும் கொஞ்சம் யோசிங்க. 5.43 கோடி ரெக்கார்டுல எத்தனை ஜோடி வரும்? என் இன்டு என் மைனஸ் ஒன் பை டூ. ஒண்ணுக்குப் பின்னால் 15 சைபர் போட்டால் வரும் எண்ணைவிட அதிகம். இத்தனை ஜோடியில் தற்செயலா ஒத்துப்போகிற ஜோடி இல்லாம இருக்க வாய்ப்பே இல்லை.

அண்ணாமலை மகன் அருணாச்சலம்

திருவண்ணாமலையில் இந்தக் குவெரியை ஓட்டினா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. சாமி பேர் அருணாச்சலேசுவரர், அம்மன் பேர் உண்ணாமுலை. ஊர்ல தெருவுக்கு நாலு அண்ணாமலை, அருணாச்சலம், உண்ணாமலை இருப்பாங்க. அண்ணாமலை மகன் அருணாச்சலமும் இருப்பார், அருணாச்சலம் மகன் அண்ணாமலையும் இருப்பார். தாத்தா பேரைப் பேரனுக்கு வைக்கிற வழக்கத்தால் ஒரே குடும்பத்துக்குள்ளேயே பேரும் தகப்பன் பேரும் தலைமுறை விட்டுத் தலைமுறை திரும்ப வரும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். அது சில பதிவுகளில் முன்னால் இருக்கும், சிலதில் பின்னால் இருக்கும், சிலதில் காணவே காணோம்.

பிறந்த தேதியைச் சேர்த்தால் சரியாகிடுமேன்னு தோணும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரே பேர் உள்ளவர்கள் 1000 பேர்னு வச்சுக்குவோம். வயசு 60 வருஷத்துக்குச் சீரா பரவியிருக்கு. ஜோடிகள் 4,99,500. 60 வருஷத்தில் நாட்கள் சுமார் 21,900. வகுத்தால் சுமார் 23 ஜோடிகள். அதாவது பேரும் பிறந்த தேதியும் வருஷத்தோட சேர்த்து அப்படியே ஒத்துப்போகிற, ஆனா ஒருத்தருக்கு ஒருத்தர் சம்பந்தமே இல்லாத 23 ஜோடிகள். ஒரு கிளாஸில் 23 பேர் இருந்தால் ரெண்டு பேருக்கு ஒரே பிறந்தநாள் வர பாதிக்குப் பாதி வாய்ப்புன்னு பிராபபிலிட்டியில் படிச்சோமே, அதே கதைதான்.

இது எல்லாருக்கும் சரியான தேதி இருந்தால். நம்ம பாட்டி, தாத்தாவுக்குத் தேதி தெரியாது. வயசைக் கேட்டு, வருஷத்தைக் கழிச்சு, ஜனவரி 1-ன்னு போட்ட பதிவுகள் நிறைய. அந்த 1000 பேருமே ஜனவரி 1-ல் பிறந்ததாகப் பதிவாகியிருந்தால், 4,99,500-ஐ 60-ஆல் வகுக்கணும். 8,325 ஜோடிகள். 23 எங்கே, 8,325 எங்கே! குவெரியில் ஒரு எழுத்துகூட மாறலை. டேட்டா மட்டும்தான் மாறியிருக்கு. படிக்காதவங்க, வயசானவங்க, ஏழைங்க யாரோ, அவங்க பேர்தான் இந்த 8,325-க்குள்ள அதிகமா இருக்கும். ஆஸ்பத்திரியில் பிறந்து பர்த் சர்டிஃபிகேட் வாங்கின நம்மை இந்தக் குவெரி அவ்வளவா தொந்தரவு பண்ணாது.

ஸ்பெல்லிங் மாறினாலும் பிடிக்கணும்னு ஃபஸி மேட்சிங் கொண்டு வருவோம். சவுண்டெக்ஸ் எல்லாருக்கும் தெரியும், எஸ்க்யூஎல்லில் ரெடிமேட் ஃபங்ஷனாவே கிடைக்கும். 1918-ல் அமெரிக்காவில் ராபர்ட் ரஸ்ஸல் பேட்டன்ட் வாங்கின முறை. இங்கிலீஷ் எழுத்துக்காகச் செய்தது. அதில் செல்வம், செல்வன் ரெண்டையும் இங்கிலீஷில் போட்டால் ரெண்டுக்கும் ஒரே கோடு: எஸ் 415. நமக்கு அது ரெண்டு பேர், ரெண்டு ஆள். இப்போ ஏழுமலையைப் போடுங்க. நம்ம மாவட்டத்தில் இந்தப் பேர் இல்லாத கிராமம் இருக்குமான்னு சந்தேகம். ழகரத்துக்கு இசட்-எச் போட்டு எழுதினால் கோடு இ 254. எல் போட்டு எழுதினால் இ 454. ஒரே ஏழுமலை, ரெண்டு ஆளாகிட்டார். வேற வேற ஆளை ஒண்ணாக்குது, ஒரே ஆளை ரெண்டாக்குது.

உண்மையான இரட்டைப் பதிவுகளையும் இந்தக் குவெரி தவறவிடும் என்பதுதான் வேடிக்கை. கல்யாணமாகிப் போன அக்காக்களை எடுத்துக்குங்க. பிறந்த வீட்டுப் பதிவில் அப்பா பேர், புகுந்த வீட்டுப் பதிவில் கணவர் பேர். தொகுதி வேற, முகவரி வேற, இனிஷியலும் வேற. பழைய ஊரில் பேரை நீக்காமலேயே விட்டிருப்பாங்க. நிஜமான இரட்டைப் பதிவு இது. ஆனா பேர், உறவினர் பேர் ரெண்டும் ஒத்துப்போகணும்னு கேட்கிற குவெரியில் சிக்காது.

ஒரே கதவு எண், ஒரே அட்டை எண்

இன்னொரு குவெரியும் பிரபலம்: ஒரே கதவு எண்ணில் பத்துப் பேருக்கு மேல் பதிவா? உடனே போலின்னு சந்தேகம். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை ஒரு தடவை சுத்தி வந்தவங்களுக்கு இதில் உள்ள சிக்கல் புரியும். வழியெல்லாம் ஆசிரமம், மடம், சத்திரம். ஒரு கதவு எண்ணில் பல பேர் நிஜமாவே வாழுறாங்க. அங்கே இருக்கிற சாதுக்களில் அப்பா பேரைக் கேட்டால் குரு பேரைச் சொல்றவங்க உண்டு. பாஸ்போர்ட் விதியே 2016 முதல் சாதுக்கள் பெற்றோர் பேருக்குப் பதிலா குருவின் பேரை எழுத அனுமதிக்குது. அப்படின்னா ஒரே முகவரி, ஒரே "தகப்பன்", இருபது "பிள்ளைகள்". எந்த அல்காரிதமும் இதைப் பார்த்ததும் சிவப்புக் கொடி காட்டும்.

கதவே இல்லாதவங்களும் இருக்காங்க. தேர்தல் ஆணையத்தின் நடைமுறை இங்கே ஆச்சரியமா இருக்கு. வீடில்லாதவர் ஒரு இடத்தைச் சொல்லி விண்ணப்பிச்சால், முகவரிச் சான்று கேட்கக் கூடாது. பிஎல்ஓ ராத்திரி நேரத்தில் அந்த இடத்துக்குப் போய், அவர் அங்கேதான் தூங்குறாரான்னு பார்த்து உறுதி செய்யணும். எந்த டேபிளிலும் இல்லாத தகவலை நேரில் போய்ப் பார்த்துத்தான் எடுக்க முடியும்னு ஆணையமே ஒத்துக்கிட்டு எழுதின விதி இது.

அட்டை எண் யூனிக் தானேன்னு கேட்பீங்க. மூணு எழுத்தும் ஏழு இலக்கமும் உள்ள அந்த எபிக் எண்ணைத்தான் எல்லாரும் பிரைமரி கீன்னு நினைச்சுக்கிட்டு இருந்தோம். 2025 பிப்ரவரி கடைசியில் மேற்கு வங்கத்தில் இருக்கிற ஒருத்தருக்கும் வேறு மாநிலத்தில் இருக்கிற ஒருத்தருக்கும் ஒரே எண் இருப்பது பெரிய சர்ச்சையாச்சு. மார்ச் 2 அன்று ஆணையம் விளக்கம் கொடுத்தது. எல்லா மாநிலப் பட்டியலும் ஒரே தளத்துக்கு வர்றதுக்கு முன்னால், மாநிலங்கள் தனித்தனியா கையால் எண் கொடுத்த காலத்தில், சிலர் ஒரே எழுத்து வரிசையைப் பயன்படுத்திட்டாங்க. எண் ஒண்ணா இருப்பதால் மட்டும் அவங்க போலி வாக்காளர் ஆக மாட்டாங்க என்றது. பிறகு அந்த எண்களைச் சரி பண்றதாகவும் அறிவிச்சது.

அங்கே மட்டும் அண்ணாமலை குவெரியை ஓட்டி, மினிமம் ஐடியை வச்சுக்கிட்டு மத்ததை டெலீட் பண்ணியிருந்தால்? ஏதோ ஒரு மாநிலத்தில் ஒரு தப்பும் பண்ணாத ஒருத்தரின் ஓட்டு போயிருக்கும். முரண்பாடு உண்மை. குற்றவாளி அந்த ஆள் இல்லை, எண் கொடுத்த சிஸ்டம்.

வெளியே என்ன நடந்தது

அமெரிக்காவில் கான்சஸ் மாநிலம் கிராஸ்செக் என்று ஒரு திட்டம் நடத்துச்சு. பல மாநிலங்களின் வாக்காளர் பட்டியலை ஒண்ணாச் சேர்த்து, முதல் பேர், கடைசிப் பேர், பிறந்த தேதி மூணும் ஒத்துப்போகிற ஜோடிகளை அந்தந்த மாநிலத்துக்கு அனுப்பும். ஷரத் கோயல், மார்க் மெரெடித் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இதைச் சோதிச்சு 2020-ல் அமெரிக்கன் பொலிட்டிகல் சயின்ஸ் ரிவ்யூ இதழில் எழுதினாங்க. கிராஸ்செக் பரிந்துரைச்ச நீக்கும் முறைகளில் ஒண்ணைப் பின்பற்றினால், ஒரு இரட்டை ஓட்டைத் தடுக்க, முறையா ஓட்டுப் போட்டதாகத் தெரியும் சுமார் 300 பதிவுகளை நீக்க வேண்டியிருக்கும் என்பது அவங்க கணக்கு. அந்தத் திட்டம் 2019-ல் ஒரு வழக்கு சமரசத்தோட நின்னுபோச்சு.

நம்ம நாட்டிலேயே அண்மையில் மேற்கு வங்க எஸ்ஐஆரில் "தர்க்க முரண்பாடு" என்று ஒரு வகை வந்தது. 2002 பட்டியலோடு ஒப்பிட்டு மென்பொருள் கொடி காட்டின பதிவுகள்: அப்பா பேர் ஒத்துப்போகலை, பெற்றோருக்கும் பிள்ளைக்கும் வயசு வித்தியாசம் 15-க்குக் கீழே, தாத்தா பாட்டியோட வித்தியாசம் 40-க்குக் கீழே, ஒரே பெற்றோருக்கு அளவுக்கு அதிகமா பிள்ளைகள். நம்ம மொழியில் சொன்னா கன்ஸ்ட்ரெயின்ட் செக். சிக்கினவர்கள் ஒரு கோடிக்கும் மேல். 2026 ஜனவரி 19 அன்று உச்ச நீதிமன்றம், அந்தப் பேர்களைக் கிராமப் பஞ்சாயத்து, வட்டார, வார்டு அலுவலகங்களில் மக்கள் பார்க்கும்படி ஒட்டச் சொன்னது. பிரதிநிதி மூலமா ஆவணம் கொடுக்கவும் அனுமதிச்சது.

அந்த உத்தரவை ஒரு சாஃப்ட்வேர் மாணவனா படிச்சா எனக்குத் தோணுறது இதுதான்: அவுட்புட் டேபிளை யார் பார்க்கணும்? அட்மின் மட்டும் பார்த்தால் போதாது. அதில் பேர் உள்ளவர் பார்க்கணும். என்ன காரணத்துக்காகத் தன் பேர் சிக்கியிருக்குன்னு அவர் மொழியில் அவருக்குத் தெரியணும்.

எதிர்ப்பக்கம் சொல்றதும் நியாயம்தான்

"அப்போ டூப்ளிகேட்டை அப்படியே விட்டுடலாமா?" என்று என் கிளாஸ்மேட் கேட்டான். விடக் கூடாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1950, பிரிவு 17 ஒருத்தர் ஒரு தொகுதிக்கு மேல் பதிவாகக் கூடாதுன்னு சொல்லுது. பிரிவு 18 ஒரே தொகுதியில் ரெண்டு தடவை கூடாதுன்னு சொல்லுது. இறந்தவர் பேர் பட்டியலில் கிடந்தால் அந்த ஓட்டை யாராவது போட வாய்ப்பு இருக்கு. பத்தாயிரம் ஓட்டுல ஜெயிக்கிற தொகுதியும் உண்டு, நூறு ஓட்டுல ஜெயிக்கிற தொகுதியும் உண்டு. பட்டியல் சுத்தமா இருக்கணும்னு கேட்பவரை ஏதோ சதிகாரர் மாதிரிப் பார்க்கிறது சரியில்லை.

ஆனா ரெண்டு தப்புக்கும் விலை ஒண்ணு இல்லை. ஒரு டூப்ளிகேட்டைத் தவறவிட்டால் என்ன ஆகும்? அது கள்ள ஓட்டாக மாறணும்னா அந்த ஆள் ரெண்டு ஊருக்கும் போகணும், விரலில் உள்ள மையை மறைக்கணும், ரெண்டு பூத்திலும் ஏஜென்டுகள் கண்ணைத் தாண்டணும். நடுவுல தடுக்க மூணு நாலு இடம் இருக்கு. ஒரு சரியான வாக்காளரைத் தப்பா நீக்கிட்டால்? தேர்தல் அன்னைக்குக் காலையில் அட்டையோட வரிசையில் நிப்பார். பட்டியலில் பேர் இல்லை என்பாங்க. அவ்வளவுதான். அந்த நிமிஷத்தில் சரி பண்ண எந்த வழியும் கிடையாது. 2018 டிசம்பர் 7 தெலங்கானா தேர்தலில் பேட்மின்டன் வீராங்கனை ஜ்வாலா குட்டா தன் பேர் பட்டியலில் இல்லைன்னு அன்னைக்கே பொதுவெளியில் சொன்னார். அவர் சொன்னதால் செய்தியாச்சு. செங்கத்துலயோ போளூர்லயோ ஒரு கட்டடத் தொழிலாளி சொன்னால் எந்தப் பேப்பரில் வரும்?

கட்டடத் தொழிலாளின்னு சும்மா சொல்லலை. நம்ம மாவட்டத்திலிருந்து பெங்களூருக்கும் சென்னைக்கும் கட்டட வேலைக்குப் போறவங்க எவ்வளவு பேர்னு பஸ் ஸ்டாண்டில் ஞாயிறு ராத்திரி நின்னு பார்த்தால் தெரியும். பிஎல்ஓ வரும்போது வீடு பூட்டியிருக்கும். ஆனா அதே சட்டத்தின் பிரிவு 20, தற்காலிகமா வெளியே போனதால் மட்டும் ஒருத்தர் தன் ஊரில் வசிப்பவர் இல்லைன்னு ஆகிடாதுன்னு தெளிவா சொல்லுது. "தற்காலிகம்" என்பதற்கு டேபிளில் ஃபீல்டு கிடையாது. பொங்கலுக்கும் தீபத்துக்கும் வர்றாரா, ரேஷன் கார்டு எங்கே இருக்கு, பிள்ளைங்க எந்த ஸ்கூல்ல படிக்குதுங்கன்னு பக்கத்து வீட்டுல கேட்டால்தான் தெரியும்.

"ஆதாரை பிரைமரி கீ ஆக்கிட்டா முடிஞ்சுதே" என்பது அடுத்த வாதம். அப்படிப் பார்த்தாலும் அது தீர்ப்பது ஒரு வகை முரண்பாட்டை மட்டும்தான். இறந்தவரையும் இடம் மாறியவரையும் ஆதார் எண் சொல்லாது. ஆதார் குடியுரிமைச் சான்றும் இல்லை. படிவம் 6பி-யில் ஆதார் கொடுப்பது விருப்பத்தின் பேரில்தான், அதனால் அந்த ஃபீல்டு பல ரெக்கார்டில் நல்லா இருக்கும். நல் நல்லுக்குச் சமம் இல்லைன்னு எஸ்க்யூஎல் முதல் வாரத்திலேயே படிச்சோம். கீ இல்லாதவங்க எல்லாம் திரும்பப் பேர், வயசு மேட்சிங்குக்குத்தான் வந்து நிப்பாங்க. அப்போ அந்த 8,325 ஜோடியிலேயே நிக்கிறோம்.

மூணாவது பெட்டி

இந்தப் பிரச்சினைக்கு வயசு அதிகம். 1969-ல் கனடாவைச் சேர்ந்த ஐவன் ஃபெல்லெகி, ஆலன் சன்டர் ரெண்டு பேரும் ரெக்கார்டு லிங்கேஜுக்கு ஒரு கோட்பாடு எழுதினாங்க. இன்னைக்கும் இந்தத் துறையில் அடிப்படைப் பாடம் அதுதான். அதில் ஒரு ஜோடிக்கு முடிவு ரெண்டு இல்லை, மூணு. ஒரே ஆள். வேற வேற ஆள். சொல்ல முடியாது. மூணாவது பெட்டியில் விழுவதை மனுஷன் எடுத்துப் பார்க்கணும்.

நம்ம லேப் கேள்வியில் மூணாவது பெட்டி இல்லை. பூலியன்தான். அதனாலேயே நமக்கு டூப்ளிகேட்டைக் கண்டுபிடிக்கிறதும் டெலீட் பண்றதும் ஒரே வேலைன்னு பழகிப்போச்சு. ஆனா சட்டத்தில் மூணாவது பெட்டி இருக்கு. அதே 1950 சட்டத்தின் பிரிவு 22, இங்கே வசிக்கலை அல்லது தகுதியில்லைன்னு ஒருத்தர் பேரை நீக்குறதுக்கு முன்னால் அவர் பக்கத்தைச் சொல்ல நியாயமான வாய்ப்பு கொடுக்கணும்னு பதிவு அலுவலருக்குக் கட்டளை போடுது. கம்ப்யூட்டர் பரவாத காலத்தில் சட்டம் எழுதினவங்களுக்குப் புரிஞ்சது, எட்டு செமஸ்டர் படிச்ச நமக்குப் புரியாம போகக் கூடாது.

நாளைக்கு இந்த மாதிரி சிஸ்டம் எழுதப் போறது நம்ம பேட்ச்தான். ரேஷன் கார்டு, முதியோர் பென்ஷன், ஸ்காலர்ஷிப், பட்டா எல்லாத்திலும் யாரோ ஒருத்தர் டூப்ளிகேட் குவெரி எழுதத்தான் போறாங்க. அப்போ நாலு விஷயத்தை விட்டுக்கொடுக்காதீங்க என்பது என் வேண்டுகோள்.

ஒண்ணு, அவுட்புட் ஃபீல்டுக்கு "டூப்ளிகேட்"னு பேர் வைக்காதீங்க, "சந்தேகம்"னு வையுங்க. பேர் மாறினா அதைப் பார்க்கிற அலுவலர் நடந்துக்கிற விதமும் மாறும். ரெண்டு, எந்த ஃபீல்டு ஒத்துப்போனதால் சிக்கியதுன்னு காரணத்தையும் சேர்த்தே சேமியுங்க, சம்பந்தப்பட்டவருக்குப் புரியுற தமிழில் அதை அனுப்புங்க. மூணு, டெலீட் வேண்டாம். நீக்கம்னு ஒரு ஸ்டேட்டஸ், தேதி, யார் செய்தது என்ற பதிவு இருக்கட்டும். தப்புன்னு தெரிஞ்சா அஞ்சு நிமிஷத்தில் திரும்பக் கொண்டு வர முடியணும். நாலு, ஒரே ஆள்தான்னு உறுதியானாலும், எந்தப் பதிவு இருக்கணும்னு மினிமம் ஐடி முடிவு பண்ணக் கூடாது. எங்கே வசிக்கிறேன்னு அந்த ஆள் சொல்லணும்.

"சார், டெட்லைன் இருக்கு" என்பாங்க. இருக்கட்டும். கதவைத் தட்டுற வேலைக்கு நேரம் இல்லாத டெட்லைன் தப்பான டெட்லைன்.

நீங்க செய்ய வேண்டியது

ஹாஸ்டல் மக்களுக்கு ஒரு வார்த்தை. காலேஜ் முகாமில் படிவம் 6 நிரப்பிக் கொடுத்திருப்பீங்க. ஊர்ல அப்பா ஏற்கெனவே உங்க பேரைச் சேர்த்திருப்பார். ரெண்டும் ஏறியிருந்தால் நீங்களே அந்த செல்ஃப் ஜாயினின் ஏ-வும் பி-யும். மாணவர்கள் சொந்த ஊர் முகவரியிலோ ஹாஸ்டல் முகவரியிலோ பதிவு செய்யலாம், ஆனா ஏதாவது ஒண்ணில்தான். இடம் மாத்தணும்னா புதுசா படிவம் 6 போடாதீங்க, படிவம் 8 போடுங்க. ரெண்டு இடத்தில் ஏற்கெனவே இருந்தால் ஒண்ணை நீக்க நீங்களே படிவம் 7 கொடுங்க. தெரிஞ்சே பொய்யான உறுதிமொழி கொடுத்தால் பிரிவு 31-ன்படி ஒரு வருஷம் வரை சிறைத்தண்டனை இருக்கு, விளையாட்டு இல்லை.

உங்க பேரைப் பார்த்த கையோட வீட்டில் பாட்டி பேரையும், வேலைக்கு வெளியூர் போயிருக்கிற மாமா பேரையும், எதிர்வீட்டு அக்கா பேரையும் தேடிப் பாருங்க. ஸ்பெல்லிங் மாத்தி மாத்தித் தேடணும். ஏழுமலைன்னா ரெண்டு விதமாவும் தேடணும். இல்லைன்னு தெரிஞ்சா அவங்களைக் கூட்டிக்கிட்டு உங்க தெரு பிஎல்ஓகிட்ட போங்க. பெரும்பாலும் அங்கன்வாடி அக்காவோ பக்கத்து ஸ்கூல் டீச்சரோதான் பிஎல்ஓவா இருப்பாங்க, பயப்பட ஒண்ணும் இல்லை. பேர் இல்லைன்னு தேர்தல் அன்னைக்குத் தெரிஞ்சா ஒண்ணும் பண்ண முடியாது. இன்னைக்குத் தெரிஞ்சா ஒரு படிவம், ஒரு கையெழுத்து, முடிஞ்சுது.